வெட்டிப்பேச்சு என்று எழுதாதே

மாதனூர்
9-9-1987

அன்பு மகள் தேவகிக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மேற்கொண்டு படி. அப்பாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், ஒரு டம்ளரை எடுத்து வைக்கக்கூட நான்தான் வரவேண்டும். மழை கம்மி, பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. கிணற்றுத் தண்ணீரில் தோல் கம்பெனி வாடை வர ஆரம்பித்துவிட்டது, குடிக்க மாத்திரம் ரோட்டு மேல் பம்பில் பிடித்து வருகிறோம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஊருக்கெல்லாம் கடிதம் பிரித்துக் கொடுக்கிறவள் நான், உன் கடிதம் வந்தால் மட்டும் மற்றதெல்லாம் காத்திருக்கும், போஸ்டாபீஸ் மேலதிகாரிக்குத் தெரிந்தால் தெரியட்டும். ஜாம்பியாவில் முப்பது கிராமத்து ஆஸ்பத்திரிகளில் நீங்கள் வைத்த வயர்லெஸ் பெட்டிகளை நர்ஸுகள் வெட்டிப்பேச்சுக்குத்தான் ஜாஸ்தி உபயோகிக்கிறார்கள், நூறு பேச்சில் எண்பது உன் கோழி எப்படி உன் மாமியார் எப்படி என்பதுதான், ஆகையால் பெட்டிகளைப் பிடுங்கி டவுன் ஆபீஸுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று உன் அதிகாரி சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். மாதக் கடைசிக்குள் நீ ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம், உனக்கே வெறுத்துப்போய்விட்டதாம், போட்டுவிடலாம் என்று இருக்கிறாயாம். ரெண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு. அந்த அதிகாரி நல்லவராகத்தான் இருப்பார், படித்தவர். நானும் இங்கே அவரைப் போலவேதான் இருந்தேன், அதனால் உனக்கு எழுதாமல் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

நம் முன்னறை போஸ்டாபீஸுக்கு டெலிபோன் வந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஆனால் நம் ஜனங்கள் அதில் பேசுகிற விதத்தைப் பார்த்து எனக்கு ஒரே பேஜார். போனை எடுத்தவுடனே எந்த வீட்டில் யார் சுகம், மாடு சுகமா, சம்பந்தி சுகமா என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வருகிறபோது மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விடும். ஒருத்தர் பேசுகிறபோது எட்டுப் பேர் வெளியே நிற்பார்கள். அதனால் ஒரு சிலேட்டில் மூன்று நிமிஷம், விஷயம் மட்டும் என்று எழுதி மாட்டினேன், கடிகாரத்தைப் பார்த்து நானே வைக்கச் சொல்லிவிடுவேன். உன் அம்மாவின் குரல்தான் உனக்குத் தெரியுமே, யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

ஆடி மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஹலீமா பீ வந்தாள், நம் பின்தெருவில் இருக்கிறாளே அவள்தான். அவள் மகன் சர்தார் பாஷா ஆம்பூரில் தோல் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு, அவனோடு பேசவேண்டும் என்றாள். கம்பெனியில் மேனேஜர்தான் போனை எடுப்பார். அவருக்கு சலாம் சொல்லி, அவர் வீட்டில் எல்லாரும் கைரியத்தா, சுகமா என்று கேட்டு, அவர் மகள் கல்யாணம் பற்றிக் கேட்டு, அவர் ஆளனுப்பி பாஷாவைக் கூப்பிட, அதற்குள் மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. நான் வைக்கச் சொன்னேன். இன்னொரு தரம் போட்டுக்கொடும்மா என்றாள். நாலு ஆம்பிளைகள் வேலைக்குப் போகிற அவசரத்தில் நிற்கிறார்கள், உட்காருங்கள் என்றேன். சரி என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போனபிறகுதான் பக்கத்தில் போய் என்ன விஷயம் என்று கேட்டேன். மருமகள் பில்கிஸுக்கு முன்தினம் சாயங்காலத்திலிருந்து வலி, குழந்தை குறுக்கே நிற்கிறது, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள் என்றாள். இதை ஏன் வந்தவுடனே சொல்லவில்லை என்று அவள் மேலேயே பாய்ந்தேன். அவள் சொன்னது இதுதான்: "இத்தினி ஆம்பளைங்க நிக்கிறப்ப அதெ எப்டிம்மா வாய் விட்டுச் சொல்றது? மேனேஜர் சாயபுகிட்ட எடுத்தவொடனே நம்ம கஷ்டத்தைச் சொல்றது மரியாதையா?"

திரும்ப போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன், எட்டு மணி ஷூ கம்பெனி பஸ்ஸைக் கைநீட்டி நிறுத்தினேன். டிரைவர் சம்பத், வெளியாளை ஏற்றினால் வேலை போய்விடும் அக்கா என்று கெஞ்சினான். பஸ்ஸில் இருந்த பெண்கள் அவனைக் கேட்கவே இல்லை, இறங்கிப் போய் பில்கிஸைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து நடுவில் வைத்துவிட்டார்கள். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். இன்னும் அரைமணி ஆகியிருந்தால் ரெண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். நாற்பதாம் நாள் ஹலீமா பீ குழந்தையை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அன்றைக்கே சிலேட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது பொம்பிளைகள் யார் வந்தாலும் முதலில் சமையலறைக்குக் கூட்டிப்போய் இன்னா சமாச்சாரம் என்று மெதுவாகக் கேட்டுக்கொள்கிறேன். போனில் விஷயத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு மரியாதை போனால் போகிறது. பிறகு அவர்கள் கையில் கொடுத்து மாட்டைக் கேளுங்கள் சம்பந்தியைக் கேளுங்கள் என்று விட்டுவிடுகிறேன். அங்கேயும் இப்படி ஏதாவது செய்யமுடியுமா பார். நூற்றில் இருபது விஷயம் இருக்கிறது என்கிறாயே, அந்த எண்பது இல்லாவிட்டால் இந்த இருபதைச் சொல்ல வாய் வருமா? காட்டுக்கு நடுவில் தனியாக இருக்கிற பெண் தினம் காலையில் கோழியைப் பற்றிப் பேசுகிறாள் என்றால், ஒருநாள் அவள் குரல் வரவில்லையென்றால் மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்க்கமாட்டார்களா? டவுன் ஆபீஸ்காரனுக்கு எதற்கு இன்னொரு பெட்டி, அவன் மேஜைமேல் ஏற்கெனவே ரெண்டு போன் இருக்கும். நீ கையெழுத்துப் போடாதே என்று கட்டளை போட எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் போடுவதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நாள் முழுக்க அந்த நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வா.

இன்னொன்றும் சொல்கிறேன். பொங்கலன்று நீ அங்கிருந்து கால் போட்டாயே. அம்மா கேக்குதா என்றாய், கேக்குது என்றேன். சாப்ட்டியா என்றேன், நீ சாப்ட்டியா என்றாய். திரும்பவும் கேக்குதா என்றாய். அதோடு போய்விட்டது. அப்பா கண் விஷயம் சொல்லவேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கையிலேயே வைத்திருந்தேன், அதைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் இந்த எட்டு மாதமும் நான் அந்தக் குரலை வைத்துத்தான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று நிமிஷத்தை உன் ரிப்போர்ட்டில் எண்பதில் சேர்ப்பாயா, இருபதில் சேர்ப்பாயா?

எல்லாம் வல்ல முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. மலேரியா மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போடு, மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
அமிர்தவள்ளி