மூக்கொழுகித் தளபதி

மார்ச் 3

இன்று மட்டும் முப்பத்தெட்டு முறை அழுதான். ஒவ்வொரு முறையும் இடது கண்ணில்தான் முதலில் நீர் வருகிறது. பிறகு மண்டியிடுகிறான். "என் கைச் சாம்பலை எந்த ஆறும் கழுவாது" என்கிறான். சீ. முதல் பாகம் முழுக்க ஊர்களைக் கொளுத்திய தளபதி, இரண்டாம் பாகத்தில் திருந்திவிட்டானாம். கேம் வெளிவருவதற்குள் இந்தக் காட்சியில் எங்கே கோளாறு வருகிறது என்று தேடிப் பிடிப்பது என் வேலை. அழுகிறவனை நிறுத்தி, சுவரில் மோதவிட்டு, மறுபடி அழவிட வேண்டும். எங்கள் வரிசையில் எல்லோரும் அவனை மூக்கொழுகி என்றுதான் கூப்பிடுகிறோம்.

மேசைக்கு அடியில் யாரோ தின்று வைத்த டப்பா மூன்று நாளாக நாறுகிறது. யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 5

சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "ஒல்லி ஏன்டி இப்பல்லாம் வர்றதே இல்ல?"

"வேற வேலைக்குப் போயிட்டாம்மா."

"அதுக்கு? ஒரு போன்கூடவா பண்ணக்கூடாது? சண்டையா?"

"இல்லம்மா."

இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 6

எழுதித்தான் பார்க்கிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

போன நவம்பரில் வந்த கேமில், ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஆடுகிறவர் அதுவரை சேர்த்ததெல்லாம் அழிந்துபோனது. ஆயிரக்கணக்கான பேருக்கு. அந்தக் கட்டத்தைச் சோதிக்க வேண்டியவள் நான். அன்று சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில், ஆடிப் பார்க்காமலே 'சரி' என்று குறித்துவிட்டுப் போயிருந்தேன். விசாரணை என்று தெரிந்ததும், எல்லோரும் திறக்கக்கூடிய வேலைப் பட்டியலில் அந்த வரியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு ஒல்லியின் பெயரைப் போட்டேன். பத்து விநாடி வேலை. நாலு வருஷமாக என் பக்கத்து நாற்காலி அவள். என் தட்டிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்கிற ஒரே ஆள்.

"சார், நான் அதைத் தொட்டதே இல்ல சார்" என்றாள் மேனேஜரிடம். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய், பொருட்களைப் பெட்டியில் அடுக்கும்போது என்னிடம் கேட்டாள்: "நீயாவது நம்புறியா?"

நம்பறேன்டி என்றேன்.

தூ.

மார்ச் 9

ஐம்பத்தோரு முறை. அவன் அழுததும், மகனைப் பறிகொடுத்த ஊர்க்காரி ஒருத்தி அவன் தலையைத் தொடுகிறாள். வயலின் பொங்குகிறது. அவ்வளவுதானா? வீட்டை எரித்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் போதுமா? குமட்டுகிறது — யாரைப் பார்த்து? அவனையா?

மார்ச் 10

இன்று 'மன்னிக்க முடியாது' பொத்தானின் முறை. ஆடுகிறவர் அதை அழுத்தினால் அந்தத் தாய் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் ஊரை விட்டு நடந்து மறைய வேண்டும். மறையவில்லை. எரிந்த தெருவுக்குத் திரும்பிப் போய்க் கல் சுமக்கிறான். முந்தைய காட்சியில் கொடுத்த வேலையை யாரோ நிறுத்த மறந்திருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் பிழை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் பார்த்தேன். இரண்டு மணி நேரம். கேமுக்குள் பொழுது விடிகிறது, அவன் கல் எடுக்கிறான். அழுகை இல்லை, வசனம் இல்லை. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். நாலாவது விடியலில் ஒரு சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது.

அவனைப் பார்த்து முதல்முறையாக எனக்கு அருவருப்பு வரவில்லை. மன்னிப்பே கிடைக்காதவனுக்கும் செய்ய ஏதாவது மிச்சம் இருக்குமா? எனக்குக்கூடவா?

மார்ச் 11

புரோகிராமரைப் பிடித்தேன். நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே பேசுகிற ஆள்.

"அந்தக் கல்லு தூக்கறதை அப்படியே விட்டுடலாமே?"

"நீங்கதானே பக்னு எழுதுனீங்க? காலையிலயே சரி பண்ணியாச்சு."

"நல்லா இருந்துச்சு."

"கதவைச் சாத்தினப்புறம் அவன் அங்க நின்னு என்ன பண்ணப் போறான்? யாரு பார்க்கப் போறாங்க?"

ஓடவிட்டுப் பார்த்தேன். நடந்து போனான், மறைந்தான். கழிவறைத் தொட்டியில் யாருடைய முடியோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே வாந்தி எடுத்தேன்.

மார்ச் 12

சொல்லிவிட்டேன். காலை பதினோரு மணிக்கு, மேனேஜர் அறையில். பட்டியலில் யார், எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் ஒரு தட்டுத் தட்டினால் தெரியும். இத்தனை மாதத்தில் ஒருவரும் தட்டிப் பார்த்ததில்லை. நானே தட்டிக் காட்டினேன்.

"இதை இப்ப ஏன்மா கிளறுறீங்க? எல்லாரும் மறந்தாச்சு."

"அவ மறந்திருக்க மாட்டா சார். தப்பு அவளோடது இல்லைன்னு அவளுக்கு எழுதிக் குடுங்க."

"அப்ப உங்களை வெச்சிருக்க முடியாதே."

"தெரியும் சார்."

எழுந்து வரும்போது மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

மார்ச் 14

அம்மாவிடம் சொன்னேன். "கூசாம அந்தப் பொண்ணை ஏமாத்திட்டு, என் முன்னாடி உக்காந்து தின்னியேடி" என்றாள்.

மார்ச் 20

ஒல்லி வேலை பார்க்கும் மருந்துக்கடை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"சீட்டு?" என்று கை நீட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் பண்ணது—"

"என் வீட்டுக்காரரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ நம்பறேன்னு சொன்னதைத்தான் அவர்கிட்ட சாட்சியாச் சொன்னேன். தெரியுமா?" குரலை உயர்த்தவே இல்லை. "பின்னாடி ஆள் நிக்கறாங்க. இனிமே இங்க வராத."

மார்ச் 21

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 8

முதல் இன்டர்வியூ. "அந்த வேலையை ஏன் விட்டீங்க?" நடந்ததைச் சொன்னேன். "போன் பண்றோம்" என்று ஒரு சிரிப்பு சிரித்தார்கள். செருப்புக் காலால் எதையோ மிதித்துவிட்டவன் முகம் இருக்குமே, அப்படி.

ஏப்ரல் 29

மூன்றாவது இடம். அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. அம்மா சொன்னாள்: "கொஞ்சம் மாத்திச் சொன்னா என்னடி குறைஞ்சிடும்?" அடுப்பைத் துடைத்து முடித்துவிட்டு, "வேணாம், விடு" என்றாள் அவளே.

மே 22

ஐந்தாவது இடம். சின்ன கம்பெனி. கேள்வி கேட்ட அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"உங்களை எடுக்க முடியாதும்மா. தப்பா நினைக்காதீங்க."

"பரவால்லைங்க."

"அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றாங்க?"

மருந்துக்கடை விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.

ஜூன் 10

அந்த அம்மாளே போன் செய்தார். ஒல்லி திங்கள்கிழமை வேலையில் சேர்கிறாளாம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம்.

நாளை பத்தரை மணிக்கு எனக்கு ஆறாவது இடம். அம்மா என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.