ஃபேரர் பார்க் திடலில் என் குரல்

3 மே 1943
அலுவலகத்தில் வருஷத்தை ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுத வேண்டும். இந்த நோட்டில் மாட்டேன்.

இருபது வருஷம் ஆங்கில வாத்தியார். இப்போது ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்ப்பாளன். ஆத்திரம் என்னவென்றால், அவன் பாஷை எனக்குச் சுலபமாக வருகிறது. சொற்கள் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன, கொத்துக்குள் கொத்தாக. ஆங்கிலத்தில் வினை முந்திக்கொண்டு மற்றதை இழுத்து வரும். தமிழிலும் ஜப்பான் பாஷையிலும் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே வினை. ஒரு வாக்கியத்தை இரண்டு பாஷையிலும் கிளை பிரித்து வரைந்தேன். இரண்டும் ஒரே மரம். என் வாயில் இவ்வளவு தோதாக உட்கார வேண்டுமா இது?

9 மே
சீன மொழிபெயர்ப்பாளர், அதிகாரி வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கிறார். நான் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன். அதிகாரி முதுகில் தட்டினார். பெருமையாக இருந்தது. எழுத வெட்கம்.

16 மே
ஃபேரர் பார்க் திடலில் ஆள் சேர்க்கும் கூட்டம். அதிகாரி பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். சயாமில் ரயில் பாதை வேலை: மூன்று மாதம், அரிசி, மருந்து, பிறகு வீடு. பக்கத்து அறை வடிவேலு பெயர் கொடுத்துவிட்டான். "வாத்தியாரே சொல்றாரு, அப்புறம் என்ன" என்றானாம்.
சொன்னது அதிகாரி. குரல்?

28 ஆகஸ்ட்
வடிவேலுவின் மனைவி பூவம்மா வாசலில் நின்றாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் போனாரு. ஒரு கடுதாசிகூட இல்லயே ஐயா."
அதிகாரியிடம் கேட்டேன். சிரிக்கிறான். நாய்.

2 செப்டம்பர்
சயாமிலிருந்து தப்பி வந்த அப்துல் அலீமைப் பார்த்தேன். முகாம் முழுக்கக் காலராவாம். வடிவேலுவை ஜூலையில் காய்ச்சலோடு பார்த்தானாம். அப்புறம் தெரியாதாம்.
என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

5 செப்டம்பர்
மறுபடி திடல், மறுபடி அதே பேச்சு. நானும் அதே வேகத்தில் அவன் கூடவே தமிழில் சொன்னேன்: "போனவங்களுக்குச் சோறு இல்ல, மருந்து இல்ல. வடிவேலு திரும்பல. பேர் குடுக்காதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க."
ஆட்டினார்கள். அதிகாரிக்குப் பரம திருப்தி. அவன் நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். பேர் எழுதும் மேசைக்கு ஒருவரும் வரவில்லை.

11 செப்டம்பர்
யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறான், அல்லது அதிகாரியே ஊகித்திருக்கிறான். அடிக்கவில்லை. சயாம் முகாமுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையாம். திங்கட்கிழமை ரயில்.

12 செப்டம்பர் 1943
பூவம்மாவிடம் காலரா, காய்ச்சல், நான் சயாம் போவது எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த வடிவேலுவின் சட்டையை எடுத்து வந்தாள்.
"நீங்களே நேர்ல பாத்துச் சொல்லுங்க. நம்புறேன்."
என் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன். இந்த நோட்டு அவளிடம் இருக்கும்.