மூன்று சொட்டு மிளகாய் சாஸ்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நான் சுகம், அப்பா முக்கால்வாசி சுகம், மீதிக் காலுக்குத்தான் இந்தக் கடிதம்.

ஆறாம் வகுப்பில் நீ என்னிடம், காரம்ங்கறது ருசியா வலியாம்மா என்று கேட்டாய். ஆறு சுவையில் ஒன்று, போய் உட்கார் என்றேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் சொன்னது தவறு. காரம் எரிச்சல்தான், சூடு பட்டால் நாக்கு உணர்கிற மாதிரி. அதை எனக்கு நிரூபித்தவர் உன் அப்பா. காய்ச்சல் விட்ட பிறகும் அவருக்கு மணமும் ருசியும் திரும்பவில்லை என்று போனில் சொன்னேன் அல்லவா, என்ன சமைத்தாலும் பழைய பழக்கத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் கேட்பேன், நாற்பது நாளும் பூஜ்யம். பரிமாறினதுக்கு வேணா பத்து போடறேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத என்பார். ஆனால் தட்டு மட்டும் காலியாக வரும். இருந்தும் ஆறு கிலோ குறைந்துவிட்டார். இன்னும் இளைத்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த வீட்டுத் தையல்காரரோ, இனிமே பேன்ட்டப் பிடிச்சா ரெண்டு பாக்கெட்டும் பின்னாடி ஒண்ணாயிடும் டீச்சர் என்று கையை விரித்துவிட்டார். நம் வீட்டுக்கும் வந்து போகும் அவருடைய பூனை மட்டும் பெருத்துக்கொண்டே போனது, குட்டி போடப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் நீ அனுப்பிய கேயன் மிளகாய் சாஸ் வந்தது. தாளிக்கிற புத்தியில் அதைக் காய்ந்த வாணலியில் ஊற்றிவிட்டேன். வீடே இருமியது, தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு தெருவுக்கு ஓடினார், பூனை மூன்று நாள் இந்தப் பக்கமே வரவில்லை. அன்று அப்பாவின் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. பூனை வயிற்றில் இருந்தது குட்டியல்ல, நாற்பது நாள் என் சமையல் என்று அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் முட்டையை அவித்து, பிளந்து, உப்பும் வெண்ணெயும் வைத்து, அடுப்பின் பக்கமே போகாமல் மூன்று சொட்டு விட்டேன். அவருக்கு வழுக்கையில் வியர்த்தது. கைக்குட்டை கேட்டார். அப்புறம், இன்னொரு முட்டை இருக்கா என்றார். முட்டை வேகப் பத்து நிமிடம், நான் சமையலறையில் இருபது நிமிடம் நின்றேன். மார்க் முப்பத்தைந்து, பாஸ்.

இப்போது சூப்பை இறக்கிய பிறகு நாலு சொட்டு, மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயோடு குழைத்துக் கொஞ்சம், கோழி ஊறும் தயிரில் ஒரு ஸ்பூன். சாஸிலேயே வினிகரும் உப்பும் இருப்பதால் எலுமிச்சை வேண்டாம், உப்பையும் குறைத்துக்கொள். போன வாரம் ஒரு கிலோ ஏறியிருக்கிறார். மணம் இன்னும் வரவில்லை, வருமா என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி அப்பாவிடம் பேசாமல் நழுவுகிறாய், இனி தாராளமாகக் கேள். அதற்கு முன்னால் ஒரு முட்டையை அவித்து, மூன்று சொட்டு விட்டு, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசி வாய் வரை சாப்பிட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா