கார் ஒண்டும் சொல்லேல்லை

ஜனவரி 14, புதன்

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. இன்று பின்னேரம் அஜின்கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும்போதுதான் அது எனக்கு விளங்கியது.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார் மெல்ல மெல்லப் பக்கத்து லேனுக்குள் போனது. அங்கே வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. நான் பதறி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன்.

"என்னப்பா, பஸ் தெரியேல்லையோ?"

"கார் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை. லேன் மாறினா அது கத்துமெல்லே?"

காரின் முன்கமராவைப் பனி மறைத்திருப்பதால் லேன் எச்சரிக்கை நிறுத்தப்பட்டுள்ளது என்று அவருக்கு முன்னாலிருந்த திரையிலேயே எழுதியிருந்தது. அதை அவரால் வாசிக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் காரின் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். சத்தம் வராவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணியிருக்கிறார். குளிர்காலத்துக்குப் பாதுகாப்பு என்று அந்தக் காரைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

"கண்ணை ஒருக்காக் காட்டுவம் அப்பா."

"காட்டினா லைசென்சைப் பறிச்சுப்போடுவாங்கள். பிறகு கொம்மாவை டயாலிசிஸுக்கு ஆர் கொண்டுபோறது? நீயோ? கார் ஓடிக்காட்டுற ரோட் ரெஸ்ட்டில மூண்டு தரம் பெயில் விட்டனி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது.

நாளை காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு டயாலிசிஸ். நாளையும் பனி என்கிறார்கள். சாப்பிட்டபின் அப்பா கீழே போய், காரில் கமராவுக்கு முன்னாலுள்ள கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தார்.

"இப்ப அதுக்கு நல்லாத் தெரியும்," என்றார்.

அம்மா பக்கத்தில் இருந்தார். நான் ஓம் என்றேன்.