மூத்தவன் விழுங்கிய கோடு

பிப்ரவரி 9

அன்புள்ள சாமியாருக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். பாப்பாவுக்குச் சளி விட்டது, இருமல்தான் இன்னும் விடாப்பிடியாக இருக்கிறது. பிடிவாதத்தில் அதுவும் உன் பக்கத்துச் சொந்தம் போல.

முதலில் நல்ல செய்தி. கல்லூரியில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. நேற்று முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார். ஆய்வகத்துக்கு வந்து மாணவர்கள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். முதலில் உன்னிடம் சொல்லத்தான் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

இனி இந்த விடுதி அறையில் காலம் தள்ள முடியாது. பாப்பாவின் கட்டிலை நகர்த்தினால்தான் அலமாரிக் கதவு திறக்கிறது. அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது நான் கால் நீட்ட இடமில்லை. கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். மூன்று அறை. வீட்டுக்காரம்மா கறாரான ஆள். "குடும்பமா வந்தாத்தான் தருவேன். உங்க வீட்டுக்காரரை ஒரு தடவை கண்ணுல காட்டுங்க" என்கிறார். ஏப்ரல் கடைசி வரை வேறு யாருக்கும் தரமாட்டாராம்.

ஆக, நீ வந்து முகத்தைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு ஓடக் கூடாது, இருக்க வேண்டும். தெருவைப் பார்த்த அறை உனக்கு. உன் மூத்தவனையும், அதுதான் உன் அருமை மென்பொருளையும், தூக்கிக்கொண்டு வா. பாப்பாவுக்கு முன்பே நாம் சேர்ந்து பெற்றவன்தானே! எந்தப் படக் கோப்பைக் கொடுத்தாலும் திறந்து காட்டுவான், வேறு வகைக்கு மாற்றுவான், சுருக்குவான், திருப்புவான், பைசா கேட்கமாட்டான். ஊருக்கெல்லாம் உழைக்கிற பிள்ளை, பெற்றவளுக்கு மட்டும் எதிரி.

பாப்பா வரைந்த படம் ஒன்றை அவனை வைத்தே சுருக்கி அனுப்பியிருக்கிறேன். சுற்றிலும் கட்டம் போட்டிருந்தாள். கீழ்க்கோடு மட்டும் காணோம். "அப்பாவோட கம்ப்யூட்டர் என் கோட்டைத் தின்னுடுச்சு" என்று ஒரே அழுகை. நான் வாயைத் திறக்கவில்லை. சுருக்குகிற பகுதியை எழுதியது நான்தானே.

பதில் எழுது. ஒரு வரியாவது.

உன் வீட்டுக்காரி


மார்ச் 1

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

திட்டு. நன்றாகத் திட்டு. வேலை நிரந்தரமானதற்கு வாழ்த்துச் சொல்ல இருபது நாள் எடுத்துக்கொண்டவனுக்கு எந்தத் திட்டும் தகும். நீ ஆய்வகத்தில் கண் துடைத்ததை நினைத்து நானும் இங்கே தனியாக உட்கார்ந்து துடைத்துக்கொண்டேன். சத்தியமாக.

புதிதாக வந்திருக்கிற கைபேசிகள் படத்தை வேறு ஏதோ வகையில் சேமிக்கின்றன. மூத்தவனுக்கு அது திறக்கத் தெரியவில்லை. அவனைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் பார்க்க இணையத்தில் குறை பதிகிற அந்தக் குறைப்பெட்டியைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் புலம்பல். ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவிலிருந்து ஒருவர், "ஐயா, நோயாளிங்க வெளியில உக்காந்திருக்காங்க" என்று எழுதுகிறார். அவருக்கு எப்படி நாளை பார்க்கலாம் என்று சொல்வது? அவர் முடிந்தால் ஒரு புகைப்படக் கடைக்காரர். அவர் முடிந்தால் ஒரு செய்தித்தாள்காரர். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் இன்னும் பத்து.

பாப்பாவின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கோடு போனதற்கு நான் அழவில்லை, சிரித்தேன். சுருக்கும்போதெல்லாம் அடியில் ஒரு புள்ளி வரிசையை அவன் விழுங்குவது உன் கைவண்ணம் அல்லவா! கல்யாணமான புதிதில், சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்து, ஒரு கையால் கிளறிக்கொண்டே எழுதினாயே. இடையில் ஒருமுறை அதைத் திருத்திப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஊரே என் மேல் பாய்ந்தது. இவன் ஒரு வரிசையைத் தின்பான் என்று கணக்குப் போட்டுத்தான் அச்சகங்களும் அலுவலகங்களும் தங்கள் அளவுகளை வைத்திருந்தார்கள். மறுநாளே பழையபடி ஆக்கிவிட்டு, அந்தக் குறையை நானே மூடினேன். "நிலை: சரிசெய்யப்படாது. காரணம்: எல்லோருக்கும் பழகிவிட்டது." இன்றுவரை அப்படியே இருக்கிறது. உன் தப்பு இல்லாமல் உலகம் ஓடாது, அம்மணி.

ஏப்ரலுக்குள் வந்துவிடுவேன். வீட்டுக்காரம்மாவிடம் சொல். இங்கே இணைய இணைப்பைத் துண்டித்து அங்கே வாங்க நாலைந்து நாள் ஆகும். அந்த நாலைந்து நாளைத்தான் எங்கே ஒளித்துவைப்பது என்று பார்க்கிறேன்.

உன் சாமியார்


மார்ச் 4

சாமியாருக்கு,

பாப்பா தூங்கியபின் உன் குறைப்பெட்டியை உட்கார்ந்து படித்தேன். என் கடிதம் உன்னிடம் கிடந்த இருபது நாளில் நீ யார் யாருக்கு என்ன எழுதினாய் என்று பார்த்தேன். கல்யாண வீட்டுப் படம் சிவப்பாகத் தெரிகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த நிமிடமே நான்கு பத்தி பதில்! "சிரமத்துக்கு மன்னிக்கவும், உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று முடித்திருக்கிறாய். எனக்கு ஒருநாளாவது அப்படி முடித்திருக்கிறாயா? பொறுமையில் நான் அவரைவிட எந்த விதத்தில் குறைந்துபோனேன்?

எனக்கும் வழி தெரிந்துவிட்டது. பெட்டியில் நானும் ஒரு குறை பதிந்திருக்கிறேன். தேடிச் சிரமப்படாதே, இதோ:

"குறை: இதை எழுதியவர் வீட்டுக்கு வருவதில்லை. எப்போது நிகழ்கிறது: எப்போதும். எதிர்பார்ப்பது: ஏப்ரல் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். தீவிரம்: மிக அதிகம்."

பாப்பா இப்போது படம் வரைந்தால் கீழ்க்கோட்டை இரண்டு முறை போடுகிறாள். ஒன்று அப்பா கம்ப்யூட்டருக்காம், இன்னொன்று அவளுக்காம்.

உன் வீட்டுக்காரி


மார்ச் 4, ஒரு மணி நேரம் கழித்து

என் அன்பே,

பார்த்தாயா, உடனே பதில். சிரிக்காதே. எனக்கு மானம் போய்விட்டது. உன் குறைக்குக் கீழே அதற்குள் ஏழு பேர் "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதிவிட்டார்கள். ஒரு அம்மா தன் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறார்.

இரண்டு கோடு என்று படித்ததும் எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். நடக்க இங்கே இடம் ஏது? கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் நாலு அடி. கட்டிலின் உன் பக்கத்தில் மூத்தவனின் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தூசி அதற்கு ஆகாது என்று மூடியே வைத்திருக்கிறேன். இன்று வெளியே வெயிலா மழையா என்று பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? எனக்கு மூச்சு முட்டுகிறது. இந்த அறைக்குப் பூட்டு இல்லை. யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. சம்பளம் தருகிற முதலாளி ஒருவன் இருந்தால், ராஜினாமாவை அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். இங்கே யார் மேஜையில் வைப்பது? இலவசமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், என்றைக்கும் பிடுங்கமாட்டோம் என்று நாம் இருவரும்தானே கையெழுத்துப் போட்டோம். எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். ஒவ்வொரு நன்றிக்கும் கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகுகிறது.

அங்கே வந்தும் தெருவைப் பார்த்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அதற்குப் பெயர் வருவதா? அதனால் மூத்தவனை அடியோடு வேறு கையில் கொடுத்துவிடப் போகிறேன். வேறொரு நாட்டில் ஒருவர் இருக்கிறார். பல வருடமாகத் திருத்தங்கள் அனுப்புபவர். ஒரு வரி கோணலாக இருந்தாலும் தூக்கம் வராது, "சுத்தக்காரர்" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கேட்டேன், சம்மதித்துவிட்டார். ஏப்ரல் 26 மாலை ரயிலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிடு.

உன் பொறுமைக்கு நன்றி. (இதோ, முடித்துவிட்டேன்.)

உன்னவன்


ஏப்ரல் 20

என் சாமியாருக்கு,

வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "வரட்டும், வரட்டும், பார்க்கலாம்" என்று சாவியை மட்டும் கண்ணில் காட்டிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். நீ வந்த பிறகுதானாம்.

பாப்பா மாடி வீட்டின் வெறும் அறைகளில் ஓடிப் பார்த்து, யார் எங்கே படுப்பது என்று முடிவு செய்துவிட்டாள். நீ நடுவில். நீ ராத்திரியில் எழுந்து போகாமல் இருக்க அந்த ஏற்பாடாம். உன் அறை ஜன்னலுக்குத் திரை தைத்திருக்கிறேன். கொஞ்சம் குட்டை. வந்து கேலி செய்.

இரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று. உன்னைப் பிடிக்காமல் நான் இந்த வேலைக்கு வரவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு உன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். உன்மேல் ஆசை எனக்குக் குறையவே இல்லை. போதுமா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொடுத்துவிட்டு வா. கொடுத்த பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வராதே.

நிலையத்தில் நாங்கள் இருவரும் நிற்போம்.

உன் வீட்டுக்காரி


ஏப்ரல் 28

என் அன்பே,

நிலையத்தில் நீங்கள் நின்றதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் நான் சொல்லி முடிப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூத்தவனைத் திறந்து மாற்றுகிற கடவுச்சாவியெல்லாம் சுத்தக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். மனதில் இருந்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றைத் தவிர. உன் கோடு. அது ஒரு குறை என்கிற நினைப்பே எனக்கு இல்லை. அவர் பெட்டியைத் துழாவி, நான் மூடிவைத்ததைத் திறந்து, இவ்வளவு காலம் இதை எப்படி விட்டுவைத்தீர்கள் என்று முதல் வேலையாக அதைத் திருத்தி வெளியிட்டுவிட்டார். அவருக்குச் சந்தோஷம்.

நான் ரயிலேற வந்த அன்றைக்குத்தான் ஒரு பெரிய தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். தேர்வு நடத்தும் அலுவலகம், மூத்தவன் தின்றது போக ஒரு வரிசை குறைந்த அளவைத்தான் ஏற்கும்படி அமைத்துவைத்திருக்கிறது. பிள்ளைகளின் படம் எல்லாம் "அளவு தவறு" என்று திரும்பி வந்தது. நான் நடைமேடையில், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கைபேசி ஓயவே இல்லை. ஒரு பெண், "அண்ணா, ரெண்டு வருஷமா படிச்சேன் அண்ணா" என்று எழுதியிருந்தாள். சுத்தக்காரரை எழுப்பப் பார்த்தேன், அவர் ஊரில் நடுராத்திரி, எடுக்கவில்லை. மாற்றிய சாவிகளின் நகல் வீட்டு இயந்திரத்தில் மட்டும்தான் இருந்தது. ரயில் உள்ளே வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் ஓடினேன்.

திருத்தத்தை எடுத்துவிட்டேன். எல்லோருடைய படமும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் நன்றி சொன்னாள். சுத்தக்காரருக்கு ரோஷம் வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னும் ஒரு வாரம் பொறு. வேறு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரம்மாவிடம் நானே போனில் பேசட்டுமா?

உன்னவன்


மே 11

என் அன்பே,

நீயும் எழுதவில்லை, போனையும் எடுக்கவில்லை. பாப்பாவிடமாவது கொடு. மாடி வீடு இருக்கிறதா, போய்விட்டதா? ஒரு வரியாவது எழுது.

நேற்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆள் கிடைத்ததும் புறப்பட்டுவிடுவேன்.

உன்னவன்


மே 12

வணக்கம்.

நீங்கள் பொறுப்பேற்றிருந்த குறை ஒன்று மூடப்பட்டுள்ளது.

குறை: இதை எழுதியவர் வீட்டுக்கு வருவதில்லை.
மூடியவர்: குறையைப் பதிந்தவரே.
நிலை: சரிசெய்யப்படாது.
காரணம்: எங்களுக்குப் பழகிவிட்டது.
இணைப்பு: ஒரு படம். (நான்கு பக்கமும் ஒற்றைக் கோடு. சுருக்கப்படவில்லை.)

சிரமத்துக்கு மன்னிக்கவும். உங்கள் பொறுமைக்கு நன்றி.

குறைப்பெட்டி

இது தானாக அனுப்பப்படும் மடல். இதற்குப் பதில் எழுதினால் யாருக்கும் போய்ச் சேராது.