மலைமேல் வேகாத சோறு

இன்று காலை உன் குக்கரில்தான் சோறு வைத்தேன். இரண்டு பேருக்கு மட்டும் சோறு வைக்கிற அந்தச் சின்ன எலெக்ட்ரிக் குக்கர். விமான நிலையத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் பாதி இன்னும் அதன் இடுப்பில் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் பொன்னி அரிசி வாசனை அடுப்படி முழுக்கப் பரவியது. பொழிச்சலூரில் எவ்வளவு சமர்த்தாக வேகிறது பார்த்தாயா என்று உன்னிடம் கேட்கத் தோன்றியது. வாய்விட்டே கேட்டுவிட்டேன். தனியாகப் பேசுகிற வயது எனக்கும் வந்துவிட்டது.

குக்கர் என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நீ கேட்பாய். சொன்னால் உனக்குக் கோபம் வரும். அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ என்னிடம் வாங்கிய சத்தியத்தை உடைத்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் உன் வீட்டுக்காரர் சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். நீ கண்ணை மூடிய பிறகு காய்கறி வாங்கக்கூட வெளியே வராமல் கிடந்தவர். மூன்று வருடம் முன்பு மச்சு பிச்சு என்கிற பழைய கல் நகரத்தைப் பார்க்க நாம் பெரு நாட்டுக்குக் கிளம்பியபோது, கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா, மகாபலிபுரத்தில் இல்லாத கல்லா என்று கேலி பேசி வீட்டிலேயே இருந்துகொண்டவர். அவர் என் எதிரில் உட்கார்ந்து, "டீச்சர், நான் பெருவுக்குப் போறேன். பையன் லிமாவுக்கு வந்து சேர்ந்துக்கறேன்னு சொல்லியிருக்கான். அவ எப்படிப் போனாளோ அப்படியே போகணும்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். காப்பியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டேன்.

பிறகு ஒரு தாளைப் பிரித்து வைத்தார். நீ வந்து அவரிடம் அளந்ததெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. லிமாவில் இறங்கிய அன்றே அடுத்த விமானம் பிடித்து மலைமேல் குஸ்கோ. அறைக்குப் போனதும் சோறும் பருப்புப் பொடியும். சாயங்காலம் கல் படிகளில் ஏறி ஊரைப் பார்ப்பது. கடைசி வரியில், குக்கர். அதைப் பைக்குள் வைத்து எடுத்தே வந்திருந்தார், அங்கே வேலை செய்யுமா என்று என்னிடம் காட்ட. "மல்லிப்பூ மாதிரி வந்துச்சுன்னு சொல்லுவாளே" என்றார். அவருக்கோ அறுபத்தாறு வயது, தினமும் பிரஷர் மாத்திரை.

நடந்தது என்னவென்று நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும். உயரே போகப் போகக் காற்று மெலியும் என்று முப்பது வருடம் வகுப்பில் கத்திய பூகோள டீச்சர் நான். காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், சூடு போதாது என்று பாடம் நடத்திய கெமிஸ்ட்ரி டீச்சர் நீ. உடம்பு பழகக் கீழே தங்க வேண்டிய ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம் என்று நேராகப் பதினோராயிரம் அடி உயரக் குஸ்கோவுக்கு டிக்கெட் போட்டவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேளை நம் சோறுதான் என்று அரிசி தூக்கி வந்தவள் நீ. கொடைக்கானல் சுற்றுலாவிலேயே உன் அடம் எனக்குத் தெரியும்.

அந்த மாலை நீ படுக்கவே மாட்டேன் என்றாய். ஒரு மணி நேரம் ஆகியும் சோறு வெளியே குழைந்து உள்ளே கல்லாக நின்றது. தண்ணீர் போதவில்லை என்று மூன்று மாடி இறங்கி பாட்டில் வாங்கி ஏறினாய். மறுபடியும் இறங்கினாய். இரண்டாவது தடவை பாதிப் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாய். உதடு நீலம் பாரித்தது. விடுதிக்கார அம்மாள் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்தாள். முகத்தில் மாட்டியதை நீ விலக்கிவிட்டுப் பேசினாய். "அவர்கிட்ட சொல்லாதே. சொன்னா இனிமே என்னைத் தாம்பரம் தாண்ட விடமாட்டார். சத்தியம் பண்ணுடி." பண்ணினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் காலையிலேயே கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். இரண்டு நாளில் நீ பழைய ஆளாகிவிட்டாய். ஊர் திரும்பியதும் மல்லிப்பூ சோறு கதையை எடுத்துவிட்டாய், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். போன வருடம் நீ திடீரென்று போனதற்கும் அந்த மலைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொன்னார். ஆனால் அன்று நீ சொன்ன பொய் இப்போது அவருக்குப் பயணத் திட்டமாகிவிட்டது.

உன்னைக் காட்டிக்கொடுக்காமல் தப்பிக்கத்தான் பார்த்தேன். முதலில் தாழ்வான இடத்தில் தங்குங்கள், குக்கர் பாரம் வேண்டாம் என்று சுற்றி வளைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு ஒண்ணும் ஆகலையே டீச்சர்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உன் பேச்சைக் காப்பாற்றி அவரை அந்தப் படியில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போயிற்று. "ரொம்பப் பயந்துட்டாளா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. அரிசியைத்தான் திட்டிக்கிட்டே இருந்தா."

"முப்பத்திமூணு வருஷத்துல அவ என்கிட்ட சொன்ன ஒரே பொய் இது."

"எனக்குத் தெரிஞ்சு இன்னும் நாலு இருக்குண்ணா" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பயப்படாதே, அந்த நாலையும் சொல்லவில்லை.

பிறகு தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவர் போல நான் சொல்லச் சொல்ல எழுதினார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக் குறைந்தது பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும், அந்த அட்டை இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இங்கே மீனம்பாக்கத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் அறுபது தாண்டியவர் டாக்டரைக் கேட்காமல் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது, மலைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் சேர்த்தே கேளுங்கள் என்றேன். குஸ்கோவில் விமானம் இறங்கினாலும் ஊருக்குள் தங்காமல் நேரே கீழே பள்ளத்தாக்குக்குப் போய்விட வேண்டும். முதல் நாள் படி ஏறக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. மச்சு பிச்சு குஸ்கோவைவிடத் தாழ்வுதான், அதை முதலில் பார்த்துவிட்டுக் குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர் வேண்டும், நம் இனிஷியல் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும், கோழியும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மலை உயரத்துக்குத் தாங்கட்டும் என்று கொடுக்கிற கோக்கா இலைத் தேநீரை அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள், இங்கே அது போதைப்பொருள், இலையைக் கொண்டுவந்தால் வம்பு. அரிசி மட்டும் தயவுசெய்து வேண்டாம். அன்று லிமா விமான நிலையத்தில் நம் அரிசியை எப்படி உள்ளே விட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

குக்கரை என்னிடமே விட்டுவிட்டுக் கிளம்பினார். கேட்டருகே நின்று, மச்சு பிச்சுவைப் பார்த்தபோது நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அங்கே, குடிசை போன்ற அந்தக் காவல் வீட்டுக்குக் கீழே ஒரு கல் வரப்பில் உட்கார்ந்து நீ சொன்னாயே: "அவர் வராம பாதிதான் பார்த்த மாதிரி இருக்குடி." உன் வீறாப்பில் இதை அவரிடம் சொல்லியிருக்கவே மாட்டாய். அவர் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் சரி என்றார். போன வாரம் உன் வீட்டுக்காரர் கிளம்பினார். முதல் இரண்டு நாள், பள்ளத்தாக்கில் மூச்சு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் வேலை என்று மட்டும் செய்தி வந்தது. இன்று காலை எழுந்ததும் அவர் குரல் பதிவு வந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை, நிதானமாகப் பேசினார். "அவ உட்கார்ந்த வரப்பைக் கண்டுபிடிச்சு உட்கார்ந்தேன் டீச்சர். காவலாளி வந்து எழுப்புற வரைக்கும் எழுந்துக்கல. மீதிப் பாதியை நான் பார்த்துட்டேன்னு அவகிட்ட சொல்லணும்."

அவருக்காகச் சொல்லிவிட்டேன். எனக்கென்று உன்னிடம் சொல்ல இருப்பது, நான் மிச்சம் பிடிக்கப் பார்த்த அந்த ஒரு நாள்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க நீ விட்டதே இல்லை. வாயெடுத்தாலே, போடி, சோறு வேகாததுக்கு நீ என்ன பண்ணுவே என்பாய். இனிமேல் கேட்கப் போவதில்லை. ஆனால் அங்கே போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும், நீ அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டதைத்தான் முதலில் சொல்வேன்.