அன்புடன் மறுக்கிறோம்

மார்ச் 4

அகில உலக மருமகள்களுக்கெல்லாம் அரசியான என் அக்கா மகளுக்கு,

மறுப்புக் கடிதப் பேரரசன், உன் மாமன், எழுதுவது. என் கையெழுத்து எனக்கே புரியாது என்பதால் வழக்கம்போல டைப்படித்திருக்கிறேன்.

வேலை எப்படி என்று கேட்டாய். இன்சூரன்ஸ் கேட்பவர்களுக்கு ‘இல்லை’ என்று எழுதுவதுதானே என் பிழைப்பு? நான் ‘இல்லை’ என்றால் வாங்கியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்வான். ஒருவர் பேரனுக்கு என் பெயரையே வைத்துவிட்டார். மேல்முறையீட்டுக்கு ஈ காக்கை போனதில்லை. அதனால் என் கடிதங்கள் மொத்தத்தையும் ஏஐக்கு ஊட்டிவிட்டார்கள். அந்தக் கள்ளப்பயல் இப்போது என்னைவிட நன்றாக எழுதுகிறான். நாற்பது பேர் இருந்த ஹாலில் நானும் ஏசியும்தான் மிச்சம். ஏசிக்கு வேலை நிரந்தரம்.

அக்காவின் இதய வால்வு ஆபரேஷன் மனுவை எங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாயா? என் மேஜைக்கு வந்தால் யானை மேல் ஏற்றி அனுப்புகிறேன். காது கேட்காத மகாராணியிடம் தம்பி விசாரித்ததாக எழுதிக் காட்டு.

உன் மாமன்


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

மனுவை மறுத்துக் கடிதம் வந்துவிட்டது. கீழே பெயரில்லை. ஆனால் வரிக்கு வரி நீங்கள்தான். “ஊரையே சுமந்த இதயம் இது, இதற்கு வேண்டியது கத்தியல்ல, சிம்மாசனமும் ஓய்வும்” என்று எழுதியிருக்கிறது. அம்மா அதைப் படித்துப் படித்துச் சிரிக்கிறாள். “என் தம்பியே வேண்டாம்னு சொல்றான்னா காரணம் இருக்கும்” என்கிறாள்.

மேல்முறையீட்டுக்கு இந்த மாதக் கடைசிவரை டைம். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். டாக்டர் தள்ளிப்போடக் கூடாது என்கிறார். எப்படி மாமா எழுத மனசு வந்தது?


ஏப்ரல் 9

மருமகளே,

நான் எழுதவில்லை. போன மாதமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களிடம் சொல்ல நா எழவில்லை. மனுவைப் பார்ப்பது, மறுப்பது, எழுதுவது எல்லாம் இப்போது அந்த ஏஐதான். ஆள் யாரும் பார்ப்பதில்லை.

கீழே இருப்பதை அக்காவிடம் காட்டு.

அக்கா, அந்தக் கடிதம் என்னுடையது அல்ல. ஆபரேஷன் அவசியம். மேல்முறையீட்டில் உடனே கையெழுத்துப் போடு.

டிக்கெட்டுக்குப் பணம் புரட்டி அடுத்த மாதம் எப்படியாவது வந்து சேர்கிறேன்.

மாமா


மே 4

மாமா,

உங்கள் கடிதத்தை அன்றைக்கே காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தாள். “இது அவன் இல்லைடி. என்னைக் கிண்டல் பண்ணாம அவனுக்கு மூணு வரி எழுத வருமா? இதைத்தான் அந்த மெஷின் எழுதியிருக்கு” என்றாள். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

தேதி போய்விட்டது. இனி கம்பெனியே ஒத்துக்கொண்டாலும் உடம்பு தாங்காது என்று டாக்டர் நேற்று சொன்னார்.

அந்த மறுப்புக் கடிதம் அவள் தலையணைக்குக் கீழே இருக்கிறது. மூச்சு வாங்கும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறாள்.

வாருங்கள். எது நீங்கள் எழுதியது என்று கேட்பாள். தலையணைக்குக் கீழே இருப்பதுதான் என்று சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் அக்கா மகள்